பாலைவழி போகுமுன் ஒரு சொல்



நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர், பாலைக்கு உரிய பொருளாகப் பிரிவை வைத்தனர். பொருள் தேடிப் புறப்பட்டவன் வெயில் காயும் கல்வழியில் நடந்துகொண்டிருப்பான். வீட்டில் இருப்பவளின் மனமோ அவன் மிதிக்கும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டிருக்கும். நடப்பவர் ஒருவர், காத்திருப்பவர் ஒருவர் என இருவர் இல்லாமல் தமிழில் பாலைப் பாடல் இல்லை எனலாம். திருவிவிலியத்திலும் பாலைநிலம் உண்டு. அங்கே அது இறைவன் மனிதரைத் தனியே அழைத்துப் பேசுகின்ற இடமாக விளங்குகின்றது. ஆகாரும் மோசேயும் எலியாவும் திருமுழுக்கு யோவானும், இறுதியில் நம் ஆண்டவரும் அந்நிலத்தை அறிந்தவர்களே.

இவ்விரு மரபுகளுக்கும் உரித்துடையவர்களாகிய நாம், இன்று உலகின் வேறொரு மூலையிலே பலரும் விரும்பி மேற்கொள்ளும் பாலைப் பயணம் ஒன்றைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது நலம். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கின்றது ஒரு வறண்ட நிலம். அங்கே தேசிய பூங்காக்கள் பல அமைந்துள்ளன. வாகனம் ஒன்றில் கூடாரத்தையும் தண்ணீரையும் உலர் உணவையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று வாரங்கள் தனியொருவராகப் பூங்காவிலிருந்து பூங்காவுக்கு ஓட்டிச் சென்று, ஆங்காங்கே இறங்கி மலையும் பள்ளமுமாக நடந்து வருவோர் ஆண்டுதோறும் பலர். படிப்பை முடித்த இளையோரும், ஓய்வு பெற்ற முதியோரும், வாழ்க்கைத் துணையை இழந்து மனத்துக்கு ஆறுதல் தேடுவோரும் அவர்களுள் உண்டு.

இது நமக்கு எட்டாத செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். நம் குடும்பங்களில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கடல் கடந்து வாழாத குடும்பம் எத்தனை? ரொறன்ரோவில் வளர்ந்த மகள் ஒரு நாள் தொலைபேசியில், “அம்மா, அடுத்த மாதம் நான் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு பாலைவனம் பார்க்கப் போறன்” என்று சொல்லக்கூடும். அந்த வேளையில் தாயின் வாயில் முதலில் வருவது “ஐயோ, தனியவோ? போகாதே பிள்ளை” என்பதாகத்தான் இருக்கும். அந்த அச்சம் இயல்பானது. ஆயினும் அதைவிடப் பயன்தரும் சொல் ஒன்று உண்டு. அது எது என்பதை அந்நிலத்தின் வழியே நடந்து சென்று அறிவோம்.

விவிலியப் பெயர் தாங்கிய நிலம்

முதலில் நிலத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். ‘மரணப் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் டெத் வலி தேசிய பூங்கா, நமது வட மாகாணத்தைப் போல ஒன்றரை மடங்கு பரப்புடையது. அதிலுள்ள பாட்வாட்டர் என்னும் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கும் கீழே 86 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. அங்கு நின்று மேற்கே பார்ப்பவர், 3,300 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து மாரிகாலத்தில் பனி மூடி நிற்கும் டெலஸ்கோப் சிகரத்தைக் காண்பார். 1913 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் நாள் அப்பள்ளத்தாக்கில் 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாகியது. உலக வானிலை நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ள மிகவுயர்ந்த வெப்பநிலைப் பதிவு அதுவே. ஓராண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 50 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல மாரிநாளில் பெய்துவிடும் மழை அது.

கிழக்கே யூட்டாவுக்குச் சென்றால் சீயோன் தேசிய பூங்கா. செந்நிறப் பாறைச் சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவே வேர்ஜின் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. 1860களில் அங்கே குடியேறிய மோர்மன் சமயத்தவர், அப்பாறைகளிடையே இறைவனின் நகரைக் கண்டாற்போல அப்பெயரை இட்டனர். அதிலுள்ள குறுகிய பாறைமுகடு ஒன்றுக்கு ‘வானதூதர் இறங்குமிடம்’ என்னும் பொருள்பட 1916 இல் மெதடிஸ்த போதகர் ஒருவர் பெயர் சூட்டினார். வளைவுப் பாறைகளுக்குப் புகழ்பெற்ற ஆர்ச்சஸ் பூங்காவின் அருகிலுள்ள சிறுநகரின் பெயர் மோவாபு. தெற்கே கலிபோர்னியாவில் கிளைகளை வானை நோக்கி உயர்த்தி நிற்கும் மரம் ஒன்று, கைகளை விரித்து வழிகாட்டும் யோசுவாவை நினைவூட்டியதால் யோசுவா மரம் என்றாயிற்று என்பது வழங்கி வரும் செய்தி. அம்மரத்தின் பெயரிலேயே 1994 இல் ஒரு தேசிய பூங்காவும் அமைந்தது. விவிலியத்தைக் கையில் ஏந்தி அந்நிலத்தைக் கடந்தவர்கள், கண்டதையெல்லாம் விவிலியமாகவே கண்டனர்.

அவர்கள் வருவதற்கு முன்பும் அது ஆளற்ற நிலமாக இருந்ததில்லை. மரணப் பள்ளத்தாக்கு என்று வந்தவர் பெயரிட்ட இடத்திலே திம்பிஷா சோசோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். வழி தெரியாதவருக்கு மரணமாகத் தோன்றியது, வழி அறிந்தவருக்கு வீடாக இருந்தது.

வெயிலும் வெள்ளமும்

இத்தகைய நிலத்தில் தனியே நடப்பவர் அழகை மட்டும் எண்ணிப் புறப்படலாகாது. ஆளொருவர் நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லீற்றர் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் எனப் பூங்கா அலுவலர்கள் அறிவுறுத்துகின்றனர். நமது கரையோர வெயிலில் வியர்வை உடலில் வழிவதை நாம் உணர்கின்றோம். அங்கே காற்று மிகவும் உலர்ந்தது. வியர்வை தோன்றியதுமே ஆவியாகிவிடும். உடல் நீரை இழப்பது நடப்பவருக்கே தெரியாது. தண்ணீரை மட்டும் நிறையக் குடித்து உணவைத் தவிர்த்தாலும் ஆபத்து. குருதியில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் உண்டாகும். எனவே உப்புச் சேர்ந்த உணவையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

அரிசோனாவிலுள்ள கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கு நடப்பவருக்கு வேறொரு பாடத்தை வைத்திருக்கின்றது. மலையேறுவோர் களைத்தால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். அங்கேயோ வரிசை தலைகீழானது. விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றை நோக்கி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்துக்கு முதலில் இறங்க வேண்டும். காலைக் குளிரில் இறங்குவது எளிது. களைப்பு வந்த பின்னரே, வெயில் ஏறிய பின்னரே, ஏற்றம் தொடங்கும். அடிப்பகுதியில் வெப்பம் விளிம்பைவிடப் பதினொரு பாகை வரை கூடுதலாக இருக்கக்கூடும். எனவேதான் ஒரே நாளில் ஆறு வரை சென்று திரும்ப முயல வேண்டாம் என அங்கே எச்சரிக்கை செய்யப்படுகின்றது. இளைப்பாறியதும் ஏறிவிடலாம் என்று எண்ணி இறங்கியவர்களை மீட்பதே அங்குள்ள காவலர்களின் கோடைகாலப் பணியாக இருக்கின்றது.

வறண்ட நிலத்தில் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டும் என்பது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். வெறும் பாறையும் வெயிலில் இறுகிய மண்ணும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. பல மைல் தொலைவில் எங்கோ ஒரு மேட்டில் பெய்த மழை, குறுகிய பாறையிடுக்குகளில் ஒன்று திரண்டு சுவர் போலப் பாய்ந்து வரும். நடப்பவரின் தலைக்கு மேலோ வானம் தெளிவாக இருக்கக்கூடும். 2015 செப்டெம்பர் 14 ஆம் நாள் சீயோன் பூங்காவின் பாறையிடுக்கு ஒன்றில் இறங்கிய குழுவினர் எழுவரும் இவ்வாறே உயிரிழந்தனர். அன்று வெள்ளம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே விடுக்கப்பட்டிருந்தது.

தொலைவும் கணக்கில் கொள்ளத்தக்கதே. யூட்டாவின் ஊடாகச் செல்லும் எழுபதாம் இலக்கப் பெருந்தெருவில் ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு ஒரு பெற்றோல் நிலையமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குச் செல்லும் தூரத்தைவிட அது அதிகம். பூங்காக்களின் உட்பகுதிகளில் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைப்பது அரிது. செய்மதி வழிகாட்டிக் கருவி காட்டும் பாதையும் எப்போதோ கைவிடப்பட்ட மண்பாதையாக இருக்கலாம். அதை நம்பிச் சென்று மணலில் வாகனம் புதைந்தோர் உண்டு. வாகனம் பழுதடைந்தால் அதன் அருகிலேயே, அதன் நிழலிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கு எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. வானிலிருந்து தேடுவோரின் கண்ணுக்கு நடந்து செல்லும் மனிதர் தெரியமாட்டார், வாகனம் தெரியும்.

இவை யாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. பகற்பொழுதில் நடைபாதைக்குச் சென்ற ஒவ்வொருவரும் மாலையில் திரும்பினாரா என்று பூங்கா அலுவலர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவர் வரவில்லை என்பதை வேறு எவராவது சொன்னால்தான் அவர்கள் தேடுவர். ஆகவே, தனியே நடப்பவரின் உயிர் அவர் சுமந்து செல்லும் தண்ணீரிலும் காலின் வலிமையிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை. எங்கோ தொலைவில் ஒருவர் அறிந்து வைத்திருக்கும் ஒரு செய்தியிலும் அது தங்கியிருக்கின்றது.

இரு இளைஞர்கள்

எவரெட் ரூஸ் என்னும் இளைஞர் ஓவியர்; எழுத்தாற்றலும் வாய்க்கப்பெற்றவர். பதினாறு வயதிலிருந்தே கழுதைகளை ஓட்டிக்கொண்டு இப்பாலைநிலமெங்கும் தனியே அலைந்தவர். 1934 நவம்பரில், தமது இருபதாவது வயதில், யூட்டாவின் எஸ்கலான்ரே என்னும் சிற்றூரிலிருந்து இரு கழுதைகளுடன் புறப்பட்டார். இனி ஓரிரு மாதங்களுக்குத் தம்மிடமிருந்து கடிதம் வராது என்று தமையனுக்கு எழுதியிருந்தார். அதனால் வீட்டார் முதலில் கவலைப்படவில்லை. மாதங்கள் கடந்தன. 1935 மார்ச்சில் தேடிச் சென்றவர்கள் ஒரு பாறையிடுக்கில் அவருடைய கழுதைகளைக் கண்டனர். அவரைக் காணவில்லை. இன்று வரையும் கண்டவர் இல்லை. கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் சில அவருடையவை என 2009 இல் முதலில் சொல்லப்பட்டது; அதே ஆண்டில் செய்யப்பட்ட மறுபரிசோதனை அதனை மறுத்துவிட்டது. போனவர் எங்கே என்று தெரியாமல் ஒரு தாய் காத்திருப்பது எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை.

மற்றவர் அரோன் ரால்ஸ்ரன். பொறியியலாளர் தொழிலை விட்டு மலையேற்றத்தில் ஈடுபட்டவர். 2003 ஏப்ரல் 26 ஆம் நாள், தமது இருபத்தேழாவது வயதில், கன்யன்லாண்ட்ஸ் தேசிய பூங்காவின் அயலிலுள்ள புளூஜோன் என்னும் குறுகிய பாறையிடுக்கில் தனியே இறங்கினார். எங்கே போகின்றார் என்பதை எவருக்கும் சொல்லவில்லை. பெரும் பாறை ஒன்று பெயர்ந்து உருண்டு அவருடைய வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது சிறிதளவு உணவும் சிறிதளவு தண்ணீரும் மட்டுமே. எவ்வளவு கத்தினாலும் கேட்பார் இல்லை. தேடி வருவார் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. அவர் அங்கே இருப்பது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. 127 மணித்தியாலங்கள் அவ்வாறு கழிந்தபின், சிக்கிய கையைத் தாமே துண்டித்துக்கொண்டு வெளியேறி, இரத்தம் வடிய நடந்தார்.

இக்கதை 2010 இல் திரைப்படமாக வந்தது. நம் ஏ. ஆர். ரஹ்மான் அதற்கு இசையமைத்தார். எனவே வாசகர்களில் சிலர் அதனை அறிந்திருப்பீர்கள். அவருடைய மனவுறுதியைப் போற்றாதவர் இல்லை. ஆயினும் அக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. வேலைக்கு வர வேண்டியவர் வராததைக் கவனித்த நண்பர்களும், கலக்கமுற்ற தாயாரும் அவரைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய வாகனம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அவர் பாறையிடுக்கை விட்டு நடந்துவந்த அதே நாளில், தேடி வந்த உலங்குவானூர்தி அங்கே இருந்தது. வழியில் எதிர்ப்பட்ட ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று அவருக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தது. தன்னந்தனியாகத் தப்பியவராக உலகம் அறிந்த அந்த மனிதர், தாயாலும் நண்பராலும் அந்நியராலும் காப்பாற்றப்பட்டவரே. போகுமுன் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் இன்னும் முன்னதாக வந்திருப்பார்கள்.

சொன்னபடி திரும்பியவர்கள்

சொன்ன சொல்லைக் காத்த இருவரைப் பற்றியும் கூற வேண்டும். 1849 இன் இறுதியில், கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களை நாடிச் சென்ற கூட்டத்தினர் குறுக்குவழி தேடி இந்தப் பள்ளத்தாக்கில் சிக்கிக்கொண்டனர். அவர்களுள் சிறு குழந்தைகளோடு கூடிய குடும்பங்களும் இருந்தன. உணவு தீர்ந்துகொண்டிருந்தது. வில்லியம் மான்லி, ஜோன் றோஜர்ஸ் என்னும் இரு இளைஞர்களை உதவி தேடி வருமாறு அவர்கள் அனுப்பினர். இருவரும் கால்நடையாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நடந்து, ஸ்பானிய மொழி பேசும் பண்ணை வீட்டாரிடம் சென்று சேர்ந்தனர். மொழி புரியாத அம்மக்கள் அவர்களுடைய நிலையைப் புரிந்துகொண்டு உணவும் விலங்குகளும் கொடுத்தனர்.

இங்கேதான் சோதனை. அவ்விருவரும் பிழைத்துவிட்டார்கள். மீண்டும் அந்த நரகத்துக்குள் போக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அனுப்பியவர்களோ அவர்களுடைய உறவினரும் அல்லர். ஆயினும் வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் அவர்கள். குதிரைகளை வழியில் கைவிட நேர்ந்தபோதும், ஒற்றைக் கோவேறு கழுதையோடு 26 ஆம் நாள் திரும்பி வந்து, காத்திருந்த குடும்பங்களைப் பாலையிலிருந்து வெளியே நடத்திச் சென்றனர். பள்ளத்தாக்கை விட்டு ஏறியபோது அக்கூட்டத்தார் திரும்பிப் பார்த்து விடைகூறிய வார்த்தையிலிருந்தே ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் வந்தது என்பர். பெருமழை பெய்யும் அரிய காலங்களில் பாட்வாட்டர் படுகையில் நீர் தேங்கி ஓர் ஏரி தோன்றுவதுண்டு. 2023 ஓகஸ்டில் புயல்மழைக்குப் பின்னரும் அது தோன்றியது. அந்த ஏரிக்கு மான்லியின் பெயரே வழங்குகின்றது. மரணத்தின் பெயர் கொண்ட பள்ளத்தாக்கிலே, நீர் வரும்போதெல்லாம் நினைக்கப்படுவது திரும்பி வந்தவரின் பெயர்.

தனியே நிற்பவை தனியே இல்லை

அந்நிலத்தின் மரஞ்செடிகளும் இதையே கற்பிக்கின்றன. அரிசோனாவில் சகுவாரோ என்னும் மாபெரும் கள்ளி வளர்கின்றது. தூண்போல நிமிர்ந்து, கைகளை மேலே தூக்கி, துணையேதும் வேண்டாத துறவிபோல அது நிற்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழும். முதற் கிளை தோன்றவே ஐம்பது முதல் எழுபது ஆண்டுகள் செல்லும். ஆயினும் அதன் தொடக்கத்தைப் பாருங்கள். வெட்டவெளியில் விழுந்த விதை வெயிலில் கருகிவிடும்; இரவுக் குளிரிலும் மடிந்துவிடும். வேறொரு மரத்தின் நிழலில் விழுந்து முளைத்த கன்றே பெரும்பாலும் பிழைக்கின்றது. அம்மரத்தைத் தாதி மரம் என்று அறிஞர் அழைக்கின்றனர். தாதியின் மடியில் வளர்ந்ததுதான் பின்னாளில் தனித்து நிற்கின்றது.

யோசுவா மரமும் அவ்வாறே. அதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ்வது ஒரு சிறு அந்துப்பூச்சியால் மட்டுமே. அப்பூச்சி தன் முட்டைகளை அம்மரத்தின் பூவிலேயே இடும். அதன் புழுக்கள் அம்மரத்தின் விதைகளில் சிலவற்றை உண்டே வளரும். மரமின்றிப் பூச்சி இல்லை. பூச்சியின்றி மரத்துக்கு விதை இல்லை.

மனிதரிலும் சான்று உண்டு. இப்பாலைநிலத்திலே பல்லாயிரம் கிலோமீற்றர் குதிரையில் பயணம் செய்த இயேசு சபைக் குரு ஈயூசேபியோ கீனோ, 1711 இல் இறந்தவர். 2020 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். கலிபோர்னியா ஒரு தீவு என ஐரோப்பியர் பலர் எண்ணியிருந்த காலத்தில், அதற்குத் தரைவழி உண்டு எனத் தம் பயணங்களால் காட்டியவர் அவர். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை அந்நிலத்தின் மக்களிடம் கேட்டறிந்து, அவர்களையே வழித்துணையாகக் கொண்டு அவர் சென்றார். தூசன் நகருக்கு அருகே அவர் தொடங்கிய புனித சவேரியார் மறைத்தலத்தில், 1797 இல் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிறத் தேவாலயம் நிற்கின்றது. ஓதாம் மக்களின் பங்காக அது இன்றும் வழிபாட்டில் உள்ளது.

பாலையில் கேட்கப்பட்ட கேள்வி

இனித் திருவிவிலியத்துக்கு வருவோம். சாராவின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய ஆகார், கருவுற்ற நிலையில் பாலைநிலத்தின் நீரூற்று ஒன்றின் அருகே தனியே இருந்தாள். அவளைக் கண்ட ஆண்டவரின் தூதர் அவளிடம் முதலில் கேட்டது, எங்கிருந்து வருகின்றாய், எங்கே போகின்றாய் என்பதே. அவளுக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவர் எவரும் இல்லை. அடிமைப் பெண் எங்கே போனால் யாருக்கு என்ன? கேட்ட இறைவனுக்கு, தன்னைக் காண்கின்றவர் எனப் பொருள்படும் பெயரை அவள் சூட்டினாள். தான் இருக்குமிடம் ஒருவருக்குத் தெரியும் என்ற அறிவே அவளுக்கு நீரூற்றாயிற்று.

இறைவாக்கினர் எலியா தம் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, ஒரு நாள் வழி தனியே பாலைக்குள் நடந்தார். சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டினார். அவரிடம் அனுப்பப்பட்ட தூதர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து எழுப்பினார். உறங்க விட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். வழி நெடியது என்பதை இறைவன் அறிந்திருந்தார். தண்ணீரும் உணவும் உறக்கமும் பாலைப் பயணிக்கு முதல் தேவை என்பதை இன்றைய பூங்காக் காவலர் சொல்வதற்கு முன்பே திருவிவிலியம் சொல்லிவிட்டது.

துறவிகளின் தந்தையாகிய வனத்து அந்தோனியார் எகிப்தின் பாலையில் பாழடைந்த கோட்டை ஒன்றில் இருபது ஆண்டுகள் தனித்திருந்தார். ஆண்டுக்கு இரு முறை நண்பர்கள் அவருக்கு அப்பம் கொண்டு வந்து சேர்த்தனர். அவர் எங்கே இருக்கின்றார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஆண்டவரும் விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குச் செல்வது வழக்கம். சீமோனும் தோழர்களும் தேடிச் சென்றபோது அவரைக் கண்டுகொண்டார்கள். அவருடைய தனிமை தந்தையோடு கூடியிருப்பதற்காக. தம்மவரை விட்டு ஒளிந்துகொள்வதற்காக அன்று.

எனவே தனிமை வேறு, துண்டிப்பு வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்பு உள்ளவர்களுக்குத் தன் இருப்பிடத்தை அறிவித்துவிட்டுச் செல்பவரே தனிமையின் பயனைப் பெறுவார். இரவில் நகர ஒளி எட்டாத பாலையின் வானத்தில் பால்வீதி முழுவதையும் காணும்போது அவர் மனம் அச்சமின்றி இறைவனைப் புகழும்.

அந்த ஒரு சொல்

நம் ஊர்களில் புறப்படுபவரைப் பார்த்து “எங்கே போறாய்?” என்று கேட்பது சகுனப் பிழை எனப் பெரியோர் தடுப்பதுண்டு. கேட்க வேண்டுமானால் “தூரமோ?” என்று மெல்லக் கேட்பர். அதற்கு ஈடாக வேறொரு நல்வழக்கமும் நம்மிடம் உண்டு. வீட்டை விட்டு இறங்குபவர் “போறன்” என்று சொல்வதில்லை. “போட்டு வாறன்” என்கிறார். போவதும் வருவதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இவ்வழக்கை நாம் காப்போம், சகுனத்தை விட்டுவிடுவோம். ஆகாரிடம் இறைவனே கேட்ட கேள்வியில் எந்தத் தீங்கும் இருக்க முடியாது.

ஆகவே, கடல் கடந்த உங்கள் பிள்ளை பாலைவழி தனியே போவதாகச் சொன்னால், தடுப்பதற்கு முன் கேளுங்கள். எந்தப் பூங்கா, எந்த நடைபாதை, வாகனத்தின் நிறமும் இலக்கமும் என்ன, எத்தனை மணிக்குத் திரும்பித் தொடர்புகொள்வாய், அந்த நேரம் கடந்தால் நாங்கள் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஒன்றை வைத்திருக்கச் சொல்லுங்கள். கடுங்கோடையைத் தவிர்த்து, மாரியிலோ வசந்தத்திலோ போகச் சொல்லுங்கள். பின்னர் மணிக்கொரு தடவை அழைத்து அப்பிள்ளையின் தனிமையைக் கலைக்காதீர்கள். குறித்த நேரம் வரை செபத்தோடு காத்திருங்கள். நேரம் கடந்தால் தயங்காமல் அழையுங்கள். போகும் இளையோருக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் விட்டுச் செல்லும் அத்தாள் உங்கள் சுதந்திரத்துக்குத் தடை அன்று. அது உங்களை நேசிப்பவர்களின் நித்திரைக்கு நீங்கள் கொடுக்கும் காணிக்கை.

பாலைநிலத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. நோயும் கடனும் துக்கமும் ஒருவரை வீட்டுக்குள்ளேயே பாலையில் நடக்க வைக்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், எங்கே நிற்கின்றார் என்று எவருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் தொலைந்தவர்கள் நம் நடுவில் உண்டு. அவர்களிடம் நீண்ட புத்திமதி வேண்டாம். எலியாவுக்குச் செய்தது போல முதலில் ஒரு குவளை தண்ணீரும் சிறிது உணவும் வையுங்கள். பிறகு அருகில் அமர்ந்து, எங்கிருந்து வருகின்றாய், எங்கே போகின்றாய் என்று அன்போடு கேளுங்கள். நீங்களே அப்படி நடப்பவரானால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தெரியாதவர்களின் இருப்பிடத்தையும் காண்கின்ற இறைவன், உங்களைத் தேடி அனுப்பும் தூதர் அந்த ஒருவராகவே இருக்கக்கூடும்.